இருக்கிறதை ஊற்றியிருக்கலாம்

“இருக்கிறத ஊத்துங்க தம்பி. நல்லது வர்றப்ப நல்லத ஊத்திக்குவோம்.”

நான் பைக் திருத்துகிறவன். 2022 ஜூலையில், பைக்குக்கு ஊற்றக் கார் ஒயிலைக் கொண்டுவந்த ஒரு ஐயா சொன்னது இவ்வளவுதான். நான் ஊற்றவில்லை. செய்தது சரிதான் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

அவர் கொண்டுவந்தது நான்கு லீற்றர் ஒயில் கேன். அடியில் ஒரு லீற்றர் அளவுக்கு மிச்சம் இருந்தது. கொழும்பில் ஹயர் ஓடும் மருமகன் தன்னுடைய ஹைப்ரிட் காருக்கு ஊற்றியது போக எடுத்து வைத்ததாம். மூடி தொலைந்திருந்தது. வாயில் பொலித்தீனைச் சுற்றி, இறப்பர் பட்டி போட்டு, லீக்ஸ் மூட்டைக்குப் பக்கத்தில் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கேனில் 0டபிள்யூ-20 என்று இருந்தது, மிக மெல்லிய ஒயில். விரலில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். நாங்கள் வழக்கமாக ஊற்றும் தடித்த 20டபிள்யூ-50 விரலோடு ஒட்டி நிற்கும். இது ஓடி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

வண்டி ஹொண்டா சீடி 125. இரட்டைச் சிலிண்டர், பழைய வண்டி, ஆனால் அவர் அதைப் பார்த்துக்கொண்ட விதத்துக்கு இன்னும் பத்து வருடம் ஓட வேண்டியது. அதற்குக் கார் ஒயில் ஏன் கூடாது என்று அவருக்குப் பொறுமையாகத்தான் விளக்கினேன். காரில் கிளட்ச் எஞ்சின் ஒயிலுக்கு வெளியே இருக்கிறது. இந்த மாதிரி பைக்கில் கிளட்ச் தட்டுகள் அந்த ஒயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன, கியர்களுக்கும் அதே ஒயில்தான். புதுக் கார்களுக்கு வரும் மெல்லிய ஒயிலில் பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். கிளட்ச் பிடிப்பதோ உராய்வால். அதனால்தான் ஜப்பானில் 1998இல் ஜேஸோ என்ற ஒயில் தரம் கொண்டுவந்து, கிளட்ச் ஒயிலில் ஊறும் பைக்குக்கு எம்ஏ என்று தனியாகப் பிரித்தார்கள். கேனில் எம்ஏ இருக்கிறதா என்று பாருங்கள் என்று வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். சமதரையில் கிளட்ச் கொஞ்சம் சறுக்கினாலும் தெரியாமல் போய்விடும். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு 600 மீற்றர் அளவு ஏற வேண்டும். மூட்டையோடு ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதில்: “பிழையான ஒயில என் கையால ஊத்த மாட்டேன் ஐயா.”

இந்த “என் கையால” தான் எனக்கு இப்போது இடிக்கிறது. அவர் கேட்டது வண்டியைப் பற்றி. நான் பேசியது என் கையைப் பற்றி.

அன்றைக்கு இலங்கையில் பொருளாதார நெருக்கடி, நிலைமை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் பாஸ் அப்போதுதான் வந்தது. கடையில் பைக் ஒயில் இல்லை, இருந்த இடத்தில் விலை கேட்க முடியாது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபா. இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்தாலும் ஒரு லீற்றர் வராது. இது தெரிந்துகொண்டுதான் நல்ல ஒயில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அனுப்புவதற்கு முன் அளவு பார்த்தேன். பெரிய ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஒயில் அளக்கும் குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்தேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. கீழ்க்கோட்டை எட்டவில்லை. “இதோட ஓடாதீங்க” என்று சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் லீக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் வேறு எதில் வீட்டுக்குப் போவார்?

இன்னொன்றும் இருக்கிறது. என் மேசைக்கடியில் அரை லீற்றர் 20டபிள்யூ-50 இருந்தது. ஒரு ஆசிரியர் முற்பணம் கொடுத்து வைக்கச் சொன்னது. அடுத்தவர் காசில் வாங்கிய பொருளை எடுத்துக் கொடுப்பது நியாயமில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர்.

அடுத்த மாதம் வண்டி லொறியில் வந்தது. ஒயிலை வடித்தபோது ஒரு டம்ளர்கூட வரவில்லை. ஒயில் வடிக்கும் போல்ட்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி உலோகத்தூள். வால்வுகளைத் திறக்கும் கேம் மேலே, எஞ்சினின் தலையான ஹெட்டில் இருக்கிறது, ஒயில் குறைந்தால் முதலில் காய்வது அந்த இடம்தான். மூடியைக் கழற்றியபோது கேமின் முனைகள் தேய்ந்து, நகத்தால் தடவினால் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது.

பிறகு கிளட்ச் மூடியையும் கழற்றினேன். அதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. தட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்காதா, வீட்டில் அந்தக் கார் ஒயிலை அவரே ஊற்றியிருக்க மாட்டாரா என்று மனம் எதிர்பார்த்தது. தட்டுகள் நன்றாகவே இருந்தன.

ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க போடக்கூடாதுன்னு சொன்னீங்க, நான் போடவே இல்ல தம்பி. கேன மருமகன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார். குறை சொல்லவில்லை. சொன்னபடி நடந்தேன் என்று எனக்குக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

அதே வண்டி சீஜீ 125 ஆக இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தொழில் சொல்லித் தந்த பாஸ் சொன்னார். ஒயில் மாற்றாமலே ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துதான் ஹொண்டா 1976இல் அதைப் புஷ்ரொட் என்ற நீண்ட கம்பி வைத்துச் செய்தது, கேம் கீழேயே இருக்கும். உண்மைதான். ஆனால் என் முன்னால் நின்றது சீடி.

கிளட்ச் சறுக்கினால் தட்டு மாற்றலாம், அது ஒரு மத்தியான வேலை. கேமுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மெல்லியதோ பிழையானதோ, ஏதோ ஒரு ஒயில் உள்ளே இருந்திருந்தால் அந்த ஹெட் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். இருந்தும் கார் ஒயிலை ஊற்றிவிட்டு, ஏற்றத்தில் கிளட்ச் விட்டுக்கொடுத்து, பின்னால் பஸ் வருகிற நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்தப் பயமும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறது, மறுநாள் மறுபக்கம்.

ஐயா இப்போது மூட்டையோடு பஸ்ஸில்தான் வருகிறார். கண்டால் “சுகமா தம்பி” என்று கேட்பார். போன கிழமை அவருடைய லயத்திலிருந்து ஒரு பொடியன் பழைய பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் அரை லீற்றருக்குத்தான் காசு. “பாஸ் சொல்ற ஒயில மட்டும் போடுன்னு தாத்தா சொன்னாரு” என்றான்.

வண்டியை நேராக நிறுத்தச் சொன்னேன். குச்சியை எடுத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. மறுபடி துடைத்து, இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.