பச்சையை அமுக்கி மூணு எண்ணு

கம்பெனி பெங்களூரில், நான் கிருஷ்ணகிரி வீட்டில். போன வாரம் வந்த வேலை இதுதான்: கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு பழைய பிசிஐ கார்டை லினக்ஸில் ஓட்டும் டிரைவர் புரோகிராமுக்கு கமெண்ட், அதாவது படிப்பவருக்கான விளக்கக் குறிப்பு, எழுத வேண்டும், கோடில் கை வைக்கக் கூடாது. பெங்களூரா மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுக்கொண்டே ஒரே மதியத்தில் 40 கமெண்ட் போட்டுத் தள்ளினேன். ரிஜிஸ்டரை (கார்டுக்குள் இருக்கும் சின்ன நினைவுப் பெட்டி) படிக்கும் வரிக்கு மேலே "ரிஜிஸ்டரைப் படிக்கிறோம்", அந்த ரகம்.

நடுவில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. இன்டரப்டை, அதாவது கார்டு 'என்னைக் கவனி' என்று பிராசசருக்குக் கொடுக்கும் சிக்னலை, கிளியர் பண்ண ஒரு ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள், உடனே அதையே திரும்பப் படிக்கிறார்கள், படித்ததை எங்கேயும் பயன்படுத்தவில்லை. யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று அழித்துவிட்டேன். கார்டு என்னவோ ஓடியது, ஆனால் இன்டரப்ட் கணக்கைப் பார்த்தால் ஆயிரம் வரவேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட இரண்டாயிரம்.

மூன்று நாள் மண்டை காய்ந்தது. கேபிளை மாற்றினேன், ஸ்லாட்டை மாற்றினேன், கார்டைக்கூட சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர எல்லாரையும்.

அப்போது பார்த்து அம்மா, "டேய், டேங்க்ல தண்ணி இல்ல, மோட்டார் போடு" என்றார். போய் பச்சை பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பினால் மோட்டார் உர்ர்ர் என்கிறது, ஓடவில்லை. பெட்டிக்கு மேலே சுவரில் சாக்பீஸ் எழுத்து: "பச்சையை அமுக்கி 3 எண்ணு. உடனே விட்டா ஓடாது, உறுமும்." சமையலறையிலிருந்து, "எழுதித்தானே வச்சிருக்கேன், அதைப் படிக்கறதுக்கு என்ன?"

ரெண்டே வரிதான். என்ன செய்யணும், செய்யாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் இருந்தது. என் 40 கமெண்டில் ஒன்றுகூட அப்படி இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு வரும் பிசிஐ ஆவணத்தைத் திறந்தேன். நாம் எழுதியது உடனே கார்டுக்குப் போய்ச் சேராதாம். டோல்கேட்டில் மாட்டிய மாங்காய் லாரி மாதிரி வழியில் பிரிட்ஜில் (பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவில் இருக்கும் சிப்) நிற்கும், அதற்குள் ஹேண்ட்லர், அதாவது இன்டரப்ட் வந்தால் ஓடும் கோடு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடும், கார்டோ இன்டரப்டை இன்னும் இறக்கவே இல்லை, அதனால் மறுபடி அதே ஹேண்ட்லர். அதே கார்டிலிருந்து ஒன்றைப் படித்தால், முன்னால் எழுதியது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். அந்த "வேலையற்ற" வரி அதற்குத்தான்.

வரியைத் திரும்பப் போட்டு, மேலே அம்மா பாணியில் முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பினேன். லீட் கன்னடக்காரர். ஒப்புதல் கொடுத்துவிட்டு கூடவே ஒரு கேள்வி: "எல்லாம் சரி, கடைசியில் 'உறுமும்' என்று இருக்கிறதே, அது எந்த ரிஜிஸ்டர்?"