லண்டன் விலையும் செங்கலடித் தாலிக்கொடியும்

எங்கள் கிளையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் செய்தியே பார்ப்பதில்லை. பேப்பர் இல்லை, டீவி இல்லை, போனில் வரும் செய்தி அறிவிப்புகளையும் நிறுத்தி வைத்திருக்கிறான். "உக்ரைன்ல அடிபட்டா எனக்கென்ன அக்கா, நான் போய் விலக்குப் பிடிக்கவா?" என்பான். வேலையில் கெட்டிக்காரன். கணக்குப் பிசகாது, சனத்தோடு சிரித்த முகம், இரவில் நல்ல நித்திரை. காலையில் தேத்தண்ணிக்கு முன்னமே செய்தி தேடும் என்னைவிட அவன் நிம்மதியாக இருக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்குச் சட்டென்று ஒரு பதில் சொல்ல எனக்கு வருவதில்லை.

நான் இருப்பது வங்கியின் அடகுப் பிரிவில், இலங்கையின் மட்டக்களப்பில், செங்கலடிப் பக்கம். கரடியனாறு, உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கமிருந்து வயற்காரர் வருவார்கள். ஏறாவூரிலிருந்து சிறு வியாபாரிகளும் தையல் செய்யும் பெண்களும் வருவார்கள். பெரும்போகம் தொடங்கும்போது விதைநெல், உழவுகூலி, பசளை என்று நகை உள்ளே வரும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி நெல் விற்ற கையோடு வெளியே போகும். இடையில் மார்கழி வெள்ளம் புகுந்தால் போகாது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முழுக்க ஊர்க் காரியம்தான்.

ஆனால் ஒரு பவுணுக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அந்த எண் ஊரில் பிறப்பதில்லை. லண்டன் சந்தையில் தங்கம் அவுன்ஸ் எத்தனை டொலர் என்பதில் அது தொடங்குகிறது. தங்கத்துக்கு அவுன்ஸ் என்றால் 31.1 கிராம், நமது பவுண் 8 கிராம். 22 கரட் நகையில் 24இல் 22 பங்குதான் தங்கம். அதற்குப் பிறகு டொலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து, வங்கி தன் காப்புக்கு ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். தாலிக்கொடியை உரைகல்லில் தேய்த்து, அமிலம் ஒரு துளி விட்டு, கோடு மங்குதா என்று நான் குனிந்து பார்க்கும்போது எதிரே இருப்பவர் கல்லைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார். தொகையைச் சொன்னதும், "போன மாசத்தை விடக் குறைச்சலா இருக்கே, ஏன் புள்ள?" என்று கேள்வி வரும். "மேலிருந்து வந்த ரேட் அம்மா" என்று சொல்லிவிடலாம். பொய்யில்லை. எங்கள் வேலையில் பாதிப் பேர் அந்தப் பதிலோடுதான் ஓய்வு பெறுகிறார்கள்.

2013 சித்திரையைச் சொல்லாமல் இந்தக் கதையை விளக்க முடியாது. அதற்கு முதல், 2011 செப்டெம்பரில் அவுன்ஸ் 1,900 டொலரையும் தாண்டியிருந்தது. அந்த ஏற்றத்தில் வங்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு பவுணுக்குக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தன. பிறகு 2013 ஏப்ரல் 12 வெள்ளி, 15 திங்கள் என்ற இரண்டே வியாபார நாட்களில் 200 டொலருக்கு மேல் விழுந்தது. இடையில் வந்த சனியும் ஞாயிறும் எங்களுக்கு வருடப்பிறப்பு. கைவிசேடமும் பலகாரமுமாக இருந்துவிட்டு வேலைக்கு வந்தால், பெட்டகத்தில் இருக்கும் நகை பலவற்றின் பெறுமதி, அவற்றின் மேல் நாங்கள் கொடுத்த கடனுக்கும் வட்டிக்கும் காணாது.

விவரம் தெரிந்தவர்கள் உடனே கணக்குப் போட்டார்கள். முதலும் வட்டியும் கட்டி மீட்பதை விட, அதே நிறையில் புதிதாக வாங்குவது மலிவு. சீட்டைக் கிழித்தெறிந்த மாதிரி விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி விட்டவர்களில் பெரும்பாலானோர் பேப்பர் படிக்கும் ஆட்கள், கடை வைத்திருப்பவர்கள். நாடு முழுக்க வங்கிகளுக்கு அடி. 2014இல் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கென்றே உத்தரவாதத் திட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியதாகிவிட்டது.

அந்த நாட்களில் கரடியனாற்றுப் பக்கத்து அம்மா ஒருவர் கொடியை மீட்க வந்தார். லேஞ்சியில் முடிந்த காசு, நெல் விற்ற காசு. தூசு மணம் இன்னும் போகவில்லை. மனம் கேட்காமல் நான் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். "இப்ப கடையில இந்த நிறைக்குப் புதுசே இதை விடக் குறைய வருமம்மா." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதென்ன கதை புள்ள? இது எங்கம்மாட கொடி. கடையில வாங்கினா அது இதாகுமா?" காசை எண்ணி வைத்தார், கொடியை வாங்கினார், கழுத்தில் போட்டுக்கொண்டே வெளியே போனார்.

2015 கடைசியில் அவுன்ஸ் 1,050 டொலருக்குக் கிட்ட இறங்கியது. விட்டுவிட்டுப் போனவர்கள் மகா புத்திசாலிகள் என்றுதான் அன்று நானும் நினைத்தேன். 2025 மார்ச்சில் 3,000, ஒக்டோபரில் 4,000. அந்த ஒக்டோபரில் அந்த அம்மாவின் கொடிக்கு, 2013 விலையைப் போல் டொலரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரூபாயில் பார்த்தால் இன்னும் எத்தனையோ மடங்கு. செய்தி பார்த்தவன் நகையை இழந்தான், பார்க்காதவர் காப்பாற்றினார். தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "பாத்தீங்களா அக்கா!" என்று துள்ளினான். துள்ளட்டும். உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். அன்றன்றைய விலையை அறிவதும் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

விளங்கிக்கொள்வது எங்கே உதவும் என்பதை 2022 காட்டியது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைக் கட்டிப்பிடிப்பதைத் தளர்த்தியது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அடகு வைத்த நகைக்கே மேலதிகமாகக் காசு எடுக்கலாம் என்றதும் வரிசை வாசல் வரை நின்றது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, "தங்கம் ஏறிட்டு." உலகச் சந்தையில் தங்கம் அப்படி ஒன்றும் ஏறவில்லை. விழுந்தது ரூபாய். இதைச் சொன்னால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருந்தது. தங்கம் ஏறியதென்று நினைத்தவர் எடுத்த காசைப் பத்திரமாக அலுமாரியில் வைத்தார். காசு கரைகிறது என்று விளங்கியவர் அன்றைக்கே டீசலுக்கும் விதைக்கும் அலைந்தார். பசளைக்கும் இதே கதைதான். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, அந்த ஆண்டுக் கடைசியில் தளர்த்தி, இனியாவது யூரியா வரும் என்று இருந்த நேரத்தில் 2022 பெப்ரவரி 24ஆம் திகதி உக்ரைனில் போர் தொடங்கியது. பசளை ஏற்றுமதியில் ரஷ்யா முன்வரிசை நாடு. ஆயித்தியமலையில் ஒரு மூடை யூரியாவுக்கு அலைந்தவருக்கு, அந்தப் போர் "எனக்கென்ன" அல்ல.

இதற்காக முழு நாளும் போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வட்ஸ்அப் குழுவின் கணக்குப்படி மூன்றாம் உலகப் போர் ஏற்கெனவே பல தரம் தொடங்கி முடிந்துவிட்டது. குரல் பதிவு அனுப்புகிறவர்களுக்கு அடகு ரேட் எப்படி வருகிறது என்று இன்னும் தெரியாது.

2025 ஜூன் 23ஆம் திகதி இரவு, கட்டாரில் இருக்கும் அமெரிக்காவின் அல் உதைத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டது. அடுத்த நாள் காலையில் சித்தாண்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் டோஹாவில் வீட்டு வேலை. "மகள் அனுப்புற காசு இனி வருமா மனே?" என்று தம்பியிடம் கேட்டார். அவன் கணினியைப் பார்த்து, "வரும் அம்மா, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான். சரியான பதில். அம்மா போகவில்லை. கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் எழுந்து போய், தளம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது, வான்வழியைச் சில மணி நேரம் மூடி நள்ளிரவுக்குப் பிறகு திறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். "மகளோட கதைச்சீங்களா?" என்று கேட்டேன். கதைத்தாராம், காலையிலேயே. பிறகேன் இந்தப் பயம்? "அவள் நான் பயப்படுவனெண்டு மறைப்பாள். அதான் உங்களிட்டக் கேட்டன்" என்றார்.

பிள்ளை மறைப்பாள், வெளிநாட்டுக்கு அனுப்பிய முகவர் பூசி மெழுகுவார். மறைக்கக் காரணமே இல்லாத ஒரு ஆளிடம் கேட்கத்தான் அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். அந்த நேரத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு டோஹா எந்தத் திசை என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா? தம்பி அன்று மத்தியானம் அல் உதைத்தை வரைபடத்தில் தேடிப் பார்த்ததைக் கண்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் அப்பாவுக்கும் அப்படியொரு குரல் இருந்தது. தொண்ணூறுகளில், தேய்ந்த பற்றரிகளைப் பகலில் தகரத்தின் மேல் வெயிலில் காயப் போடுவார், இரவில் பிபிசி தமிழோசை கேட்பதற்காக. வாவிக்கு அக்கரை படுவான்கரையில் செல் குண்டு விழுகிற சத்தம் எங்களுக்கே கேட்கும். எங்கே விழுந்தது, எத்தனை பேர் என்பதை லண்டன் சொல்லித்தான் அறிவோம். அந்த வானொலி 2017இல் நின்றது. நம்மைப் பற்றி உலகத்தில் யாராவது கேட்கிறார்களா என்பதுதான் அப்பாவின் அன்றைய கவலை. காஸாப் படங்களைப் பார்த்துவிட்டு ஏறாவூர் ராத்தா ஒருவர் கவுண்டரில் கண் கலங்கும்போது, அதற்கும் எங்களுக்கும் என்ன என்று கேட்க எனக்கு வாய் வராது.

2025 ஒக்டோபரில் தங்கம் 4,000ஐத் தாண்டியபோது விதைப்புக் காலம். பவுணுக்கு அவ்வளவு தொகை அதற்கு முதல் நான் கொடுத்ததே இல்லை. "இன்னும் ஏறுமா மிஸ்?" என்று கேட்காதவர் இல்லை. எனக்குத் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டு 2013இல் நடந்ததைச் சொல்வேன். "போகத்துக்கு எவ்வளவு வேணுமோ அதை மட்டும் எடுங்க. விலை விழுந்தாலும் மீட்கலாம், வட்டியும் குறையும்" என்பேன். இலக்கை எட்ட வேண்டிய முகாமையாளருக்கு இந்தப் பிரசங்கம் அவ்வளவு பிடிப்பதில்லை. ஒரு வயற்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிதான் மிஸ், ஆனா நெல் விலையை லண்டன்ல ஏத்த மாட்டானே, இதையாவது ஏத்துறான், எடுப்பமே" என்று சொல்லி முழுத் தொகைக்கும் கையெழுத்து வைத்தார். பெரும்பாலானோர் அப்படித்தான் எடுக்கிறார்கள்.