திருமலை நாயக்கர் மகாலின் நிழலையும் வெயிலையும் ஒரே படத்தில் கொண்டுவந்த கதை

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைக்குள் நின்று முற்றத்தைப் பார்த்தால், கண்ணுக்கு எல்லாம் தெரியும். வெயிலில் பளீரென்ற முற்றம், மேலே வானம், பக்கத்தில் இருட்டுக்குள் இருக்கும் வளைவுகள், அவற்றின் சுதை வேலைப்பாடு. கேமராவுக்கு அது முடியாது. முற்றத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமராவை வைத்தால் மண்டபம் கறுத்துப்போகும். மண்டபத்துக்கு வைத்தால் வானம் வெறும் வெள்ளைத்தாள். நண்பகலில் இந்த இரண்டுக்கும் இடையே ஏழு ஸ்டாப் அளவுக்கு வித்தியாசம் சுலபமாக வரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). 1636-இல் கட்டிய அந்த மகாலை ஒழுங்காக ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் முறையைக் கையில் எடுத்தேன்.

எச்டிஆர் என்றதும் பலருக்கும் மென்பொருள்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் பாதி வேலை படம் எடுக்கும் இடத்திலேயே முடிந்துவிடும். லென்ஸின் திறப்பை (அப்பெர்ச்சர்) நாமே நிறுத்திக்கொள்ளும் அப்பெர்ச்சர் பிரையாரிட்டியில் கேமராவை வைத்து, எஃப் 8-இல் நிறுத்தினேன். வெளிச்சத்தை ஷட்டர் வேகத்தால் மட்டுமே மாற்ற வேண்டும். அப்பெர்ச்சர் மாறினால் ஃபோகஸின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று சேராது. கேமரா தானே வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுக்கும் ஆட்டோ பிராக்கெட்டிங்கில் இரண்டு ஸ்டாப் இடைவெளி விட்டு மூன்று படங்கள். ஐஎஸ்ஓ 200-இல் நடுப் படம் 1/125 நொடி, கறுப்பானது 1/500, வெளுத்தது 1/30. எல்லாம் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்திக்கொண்டேன்.

கையில் ட்ரைபாட் இல்லை. தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, தொடர் ஷாட்டில் மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்தேன். 18 மிமீ வைட் லென்ஸ் என்பதால் 1/30-லும் படம் அசையவில்லை. எடுத்த கையோடு, இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். கறுப்புப் படத்தில் வலது ஓரம் முட்டக் கூடாது, வெளுத்த படத்தில் இடது ஓரம் முட்டக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தைரியமாக வீட்டுக்குக் கிளம்பலாம்.

சேர்ப்பதற்கு லூமினன்ஸ் எச்டிஆர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அதிலேயே ஃபோட்டோ மெர்ஜ் மூலம் இதைச் செய்யலாம். மூன்று ரா ஃபைல்களையும் ஏற்றி, படங்களைத் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் ஆட்டோ அலைன்மென்ட்டை டிக் செய்தேன். கையால் எடுத்த படத்துக்கு இது கட்டாயம். முற்றத்தில் நடந்த ஆட்களும் புறாக்களும் மூன்று படத்திலும் வெவ்வேறு இடத்தில் இருந்ததால், ஆவி மாதிரி அரைகுறையாகத் தெரியாமல் இருக்க ஆன்டி கோஸ்டிங்கையும் போட்டேன்.

சேர்த்து முடித்ததும் திரையில் வருவது பார்க்க நன்றாகவே இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். சேர்த்துக் கிடைத்த 32 பிட் ஃபைலில் இருக்கும் வெளிச்ச வீச்சை சாதாரண மானிட்டரால் காட்ட முடியாது, அவ்வளவுதான். அதைத் திரைக்கு அடங்கும்படி சுருக்குவதுதான் டோன் மேப்பிங். பல வெளிச்சப் படங்களிலிருந்து இப்படி ஒரு வீச்சைக் கணக்கிட்டு எடுக்கும் முறையை ஆராய்ச்சியாளர்கள் டெபெவெக்கும் மாலிக்கும் 1997-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு வெகு முன்பே, 1850-களில், பிரான்சில் குஸ்தாவ் லு கிரே என்ற புகைப்படக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்துச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்.

டோன் மேப்பிங்கில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மென்பொருளில் உள்ள டோன் மேப்பிங் முறைகளில் மாண்டியுக் 06 என்பதில் சுதைப் பூக்களின் ஒவ்வொரு இதழும் எழுந்து வந்தது, பிரமாதம். ஆனால் டீடெய்ல் ஸ்லைடரை ஏற்ற ஏற்ற, வானத்தைத் தொடும் வளைவு ஓரங்களில் வெள்ளையாக ஒரு வளையம் படரும். அக்கம்பக்கப் புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக வெளிச்சத்தை மாற்றும் முறைகளில் இது வரத்தான் செய்யும். ரெயின்ஹார்ட் 02 என்ற இன்னொரு முறை, அதன் இயல்பான அமைப்பில், படம் முழுவதற்கும் ஒரே வளைகோட்டைப் போடுவதால் வளையம் இல்லை. ஆனால் சுதை வேலை தட்டையாகிவிட்டது.

சரி, இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்று, முழு அளவில் இரண்டு டிஃப் ஃபைல்களாகச் சேமித்து, கிம்ப் என்ற பட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தேன். கீழே ரெயின்ஹார்ட், மேலே மாண்டியுக் லேயர், அதன் ஒபாசிட்டி (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) 40 சதவீதம். வானத்தை ஒட்டிய ஓரங்களில், வேண்டிய இடத்தை மட்டும் மறைக்க உதவும் லேயர் மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் மேல் லேயரை மறைத்தேன். வளையம் போய்விட்டது, பூக்கள் நின்றன.

அப்புறம் நிறம். வெயில் படாத தூண்களுக்கு வானத்தின் வெளிச்சம்தான் வருவதால் அவை லேசாக நீலம் பூத்திருந்தன. அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்தினேன், முழுதாக அல்ல. கடைசியாக, மண்டபத்தின் பின்சுவரை வேண்டுமென்றே இருட்டிலேயே விட்டேன். இருட்டையெல்லாம் வெளுப்பாக்கிவிடும் எச்டிஆர் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நிழல் இல்லாமல் போனால் அத்தனை பெரிய தூண்களுக்குக் கனமே தெரியாது. அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் நிழலை ஒரு துளி ஏற்றினேன், மேட் தாளில் கறுப்புகள் சற்று அடைத்துக்கொள்ளும் என்பதால்.