மூன்றாவது முறையில் முடிந்த எம் ஒன்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம் ஒன், அதாவது பொறியியல் முதல் செமஸ்டர் கணிதப் பேப்பர், பாஸ், கிரேடு ‘பி’. ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு கால்குலஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒன்றரை வருடமாக என்னிடம் அந்த ஒரு பேப்பரைப் பற்றி மட்டும் கேட்காமலே இருந்தவர் அவர். போனில் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, இரண்டு பேருக்கும்.

இதை எழுதுவது என்னைப் போலத் தமிழ் வழியில் படித்துப் பொறியியலுக்கு வந்து, முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் விழுந்தவர்களுக்காக. நான் வீணாக்கிய நாட்களை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தேன். 2021-ல் ப்ளஸ் டூ முடித்த செட். கொரோனாவால் அந்த வருடம் எங்களுக்குப் பொதுத்தேர்வே இல்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, உள்மதிப்பீட்டையும் வைத்து மார்க் போட்டார்கள். பள்ளி திறந்ததே ஜனவரியில்தான். பாடத்தையும் குறைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் நுண்கணிதம் எல்லாம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அந்தத் தொகுதி என் வீட்டில் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது.

கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சார் சொன்னது, “இதெல்லாம் ப்ளஸ் டூலயே படிச்சிருப்பீங்க, வேகமா போயிடலாம்.” அறுபது பேர் இருந்த வகுப்பு. யாரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. அன்றைக்கே தூக்கியிருக்க வேண்டும்.

பாடத்தின் பெயர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், அதாவது அணிகளும் நுண்கணிதமும். ஐந்து யூனிட். மேட்ரிசஸில் எனக்குப் பிரச்சினை வரவில்லை, கேலி-ஹாமில்டன் தேற்றம் வரை ஒழுங்காகப் போனது. அப்புறம்தான் சரிந்தது. ‘ஃபங்ஷன்’, ‘லிமிட்’, ‘பார்ஷியல் டெரிவேட்டிவ்’, ‘ஹோமோஜீனியஸ்’ என்று சார் சொல்லச் சொல்ல, சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பொருள் புரிந்து எழுதவில்லை. ஃபங்ஷன் என்றால் சார்பு, லிமிட் என்றால் எல்லை என்று யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் பாதி பயம் அன்றே போயிருக்கும்.

ஐந்தாவது வாரம் அந்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் வகுப்பே இல்லை. அடுத்து வந்தவர் ஒரே நேரத்தில் நான்கு செக்‌ஷன் எடுத்தார். அவருக்கும் நேரமில்லை என்பது இன்றைக்குப் புரிகிறது. ஆனால் அவர் செய்த காரியத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கடைசி யூனிட்டான மல்டிபிள் இன்டக்ரல்ஸை மூன்று வகுப்பில் முடித்துவிட்டு, இருபது கேள்விகள் கொண்ட ஒரு பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். “இதைப் படிச்சா போதும், பாஸ்.” நான் அந்த இருபதையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். கணக்கை மனப்பாடம் செய்தேன்! தேர்வில் அதிலிருந்து இரண்டுதான் வந்தன, அதுவும் எண்களை மாற்றி. ரிசல்டில் ‘யூ’ என்று வந்தது, அதாவது ஃபெயில்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரிசல்டில் கிரேடு மட்டும்தான் வரும், மார்க் வராது. ‘யூ’ என்றால் நீங்கள் 12 எடுத்தீர்களா 44 எடுத்தீர்களா என்று தெரியாது. செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 45 வேண்டும், இன்டர்னலையும் சேர்த்து மொத்தத்தில் 50 வேண்டும். எவ்வளவில் விழுந்தோம், எந்த யூனிட்டில் விழுந்தோம் என்று தெரியவேண்டுமானால் விடைத்தாளின் ஜெராக்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.

நான் அப்போது லீவில் ஊரில் இருந்தேன். கல்லூரி எக்ஸாம் செல்லுக்குப் போன் செய்தேன். அங்கிருந்த கிளார்க், “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கும்மா, நேர்ல வா” என்றார். வெள்ளிக்கிழமை அதிகாலை கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்குப் போய் நின்றேன். வேறொருவர் இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “புதன்கிழமையே முடிஞ்சுபோச்சே” என்றார். போனில் பேசியவர் டீ குடித்துவிட்டு வந்தார். “நான் அப்படிச் சொல்லலையே. நீ வேற பேப்பருக்குக் கேட்டிருப்ப” என்றார். நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது, புதன்கிழமை என்று தெளிவாகப் போட்டு. அதன் மேலேயே பஸ் கட்டண நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால்தான் தேதி தெரிந்தது. அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதனால் சொல்கிறேன், போனில் கேட்டுத் தேதியை நம்பாதீர்கள். சுற்றறிக்கையை நீங்களே கண்ணால் பாருங்கள், இல்லையென்றால் கல்லூரியில் இருக்கும் தோழியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே தப்பு செய்தேன் என்று தெரியாமலே இரண்டாவது முறையும் எழுதினேன். காலையில் எம் ஒன் அரியர், மதியம் அந்த செமஸ்டரின் பேப்பர். மறுபடியும் ‘யூ’. இந்தத் தடவை ஜெராக்ஸ் கேட்க முதல் நாளே பணம் கட்டினேன். விடைத்தாள் வந்தது. மார்க் 43.

இரண்டே மார்க். இதற்கு மறுமதிப்பீடு போட்டால் கட்டாயம் வரும் என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். மறுமதிப்பீட்டுக்குப் போகும் முன் கணித ஆசிரியர் ஒருவர் தாளைப் பார்த்துக் கருத்து எழுதித் தர வேண்டும். எங்கள் செக்‌ஷனுக்கு எடுத்தவர் அப்போது கல்லூரியிலேயே இல்லை. ஹாஸ்டலில் ஓர் அக்கா, “மெக்கானிக்கலுக்கு மேத்ஸ் எடுக்கிற மேடம்கிட்ட போ. திட்டுவாங்க, ஆனா பாப்பாங்க” என்றார்.

மேடம் தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாக, கிட்டத்தட்ட இருபது நிமிடம் பார்த்தார். பிறகு சொன்னார்: “ரீவேல்யூவேஷனுக்குக் காசு கட்டாதம்மா. இந்தக் கணக்குக்கு நாலு மார்க் போட்டதே பெருசு.” எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதது போல அந்தக் கணக்கின் மேல் பென்சிலை வைத்தார். இரட்டைத் தொகையை, அதாவது டபுள் இன்டக்ரலை, போலாருக்கு மாற்றும் கணக்கு. எக்ஸ், ஒய்க்குப் பதில் தூரம் ஆர், கோணம் தீட்டா. டிஎக்ஸ் டிஒய் என்பது ஆர் டிஆர் டிதீட்டா ஆக வேண்டும். நான் அந்த ஆர்-ஐ எழுதவே இல்லை. அது இருந்திருந்தால் இரண்டு வரியில் முடிகிற கணக்கு. அது இல்லாததால் நகராமல் நின்று, எதையெதையோ எழுதி ஒன்றரைப் பக்கத்தை நிரப்பியிருந்தேன்.

“அந்த ஆர் எங்கேருந்து வருது?” என்று கேட்டார். “ஃபார்முலாம்மா” என்றேன். “ஃபார்முலா இல்ல. பனையோலை விசிறி பார்த்திருக்கியா? கைப்பிடிகிட்ட மடிப்பு எவ்வளவு குறுகல், விளிம்புல எவ்வளவு அகலம்? தூரம் போகப் போகத் துண்டு அகலமாகுது இல்ல, அந்த அகலத்துக்குத்தான் ஆர்.” அதன் பிறகு எனக்கு அந்த எழுத்து மறக்கவே இல்லை. மறக்க முடியாது.

அப்புறம் கேட்டார், “நீ என்ன மீடியம்?” சொன்னேன். “உன் ப்ளஸ் டூ புக் இருக்கா?” வீட்டில் இருக்கிறது என்றேன். “எடுத்துட்டு வா. செவ்வாய், வியாழன் நாலு மணிக்கு வா.” ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவர் என் செக்‌ஷன் ஆசிரியரும் இல்லை, என் துறையும் இல்லை.

அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. ‘வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. நான் சத்தத்தை மட்டும் எழுதிவைத்திருந்த ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன் அங்கே ‘சமபடித்தான சார்பு’ என்று உட்கார்ந்திருக்கிறது, ஆய்லர் தேற்றத்தோடு. பெருமம், சிறுமம், பரவளையம், தொடுகோடு எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். இரண்டு செமஸ்டர் நான் பயந்து ஓடியது எனக்கு ஏற்கெனவே பாதி பழகிய ஒன்றிலிருந்து. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லின் சத்தம், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதினேன். நாற்பது சொல்கூட வரவில்லை. ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. ப்ளஸ் டூ முடித்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால், பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்.

மேடமிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரட்டைத் தொகைக் கணக்கு என்றால் முதலில் படம். படம் இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். தொகையிடும் வரிசையை மாற்றும் கணக்குகளில் நான் எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த முதல் கணக்கு இன்னும் நினைவிருக்கிறது: ஈ-யின் அடுக்கில் மைனஸ் ஒய், அதை ஒய்யால் வகுத்தது. உள்ளே ஒய்க்கு எக்ஸ் முதல் முடிவிலி வரை, வெளியே எக்ஸுக்கு 0 முதல் முடிவிலி வரை. கொடுத்தபடி போட்டால் முதல் படியே நகராது. “கோட்டைப் போடு” என்றார். ஒய் சமம் எக்ஸ் என்ற கோடு. அதற்கு மேலே இருக்கும் பகுதிதான் நம்முடையது. அதை மெல்லிய பட்டைகளாக, ஸ்ட்ரிப்பாக, வெட்டிப் பார்க்க வேண்டும். “இப்ப ஸ்ட்ரிப் நிக்குது. அதைப் படுக்க வை. எங்க தொடங்குது, எங்க முடியுது, விரலால தொட்டுக் காட்டு.” ஒய் அச்சில் தொடங்கி அந்தக் கோட்டில் முடிகிறது. அதாவது எக்ஸ் 0-லிருந்து ஒய் வரை. உள்ளே தொகையிட்டால் ஒரு ஒய் கிடைக்கிறது, அது கீழே இருக்கும் ஒய்யோடு அடிபட்டுப் போகிறது. மிச்சம் வெறும் ஈ-யின் அடுக்கில் மைனஸ் ஒய். விடை 1.

அவ்வளவுதான். அத்தனை பயங்கரமாகத் தெரிந்த கணக்கின் விடை ஒன்று. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த சார்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நிபந்தனைக்குள் பெருமம், சிறுமம் காணும் லக்ராஞ்சு முறையையும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். மேலே திறந்த செவ்வகப் பெட்டி, கன அளவு 32, குறைந்த அட்டையில் செய்ய வேண்டும். சமன்பாட்டைத் தொடும் முன், “அடி எப்படி இருக்கும்னு நினைக்கிற? சதுரமா, நீளமா?” என்று கேட்டார். சதுரம் என்று ஊகித்தேன். போட்டுப் பார்த்தால் 4, 4, 2. விடையை முன்கூட்டியே கொஞ்சம் எதிர்பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாவது தேர்வுக்கு நான் செய்தவற்றில் பலன் தந்ததைச் சொல்கிறேன். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதினேன், விடையைப் பார்த்துப் படிக்கவில்லை. மேட்ரிசஸ் யூனிட்டில் 16 மார்க்கை உறுதி செய்துகொண்டேன். ஐகன் மதிப்புக்கு வரும் முப்படிச் சமன்பாட்டை கேசியோ 991 எம்எஸ் கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம், எங்கள் தேர்வில் அதை அனுமதித்தார்கள். இரண்டு மார்க் கேள்விகள் பத்தும் மொத்தம் 20. அவற்றை முதலில் முடித்துவிடுங்கள், கடைசிக்கு வைத்து நான் முன்பு நான்கை விட்டிருக்கிறேன். படம் போட்டு எல்லைகளைச் சரியாக எழுதினாலே அதற்கு ஸ்டெப் மார்க் உண்டு. கணக்கு முடியாவிட்டாலும் படத்தை அடிக்காதீர்கள்.

தேர்வன்று கடைசி யூனிட்டைத் திருப்பினால், இரண்டு பரவளையங்களுக்கு நடுவே இருக்கும் பகுதி, வரிசையை மாற்று என்று இருந்தது. அந்தப் படத்தை நான் தமிழில் போட்டிருக்கிறேன், பள்ளிப் புத்தகத்தில் பரப்பு காணும் கணக்காக. விடை 16 பெருக்கல் ஏ-யின் வர்க்கம், வகுத்தல் 3 என்று வந்தபோது கை நடுங்கியது. அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் மேடமிடம் போனேன். “பி-யா? சரி, எம் டூ?” என்றுதான் கேட்டார். அது முதல் தடவையிலேயே பாஸ் என்றதும்தான் சிரித்தார்.

திரும்பி வரும்போது எக்ஸாம் செல் வாசலில் முதலாண்டுப் பெண் ஒருத்தி போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது. “எம் ஒன்னா?” என்றேன். தலையாட்டினாள். “ஜெராக்ஸுக்கு அடுத்த வாரம் வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னாங்கக்கா.” அவளை நோட்டீஸ் போர்டுக்குக் கூட்டிப் போனேன். மேலே ஏதோ சிம்போசியம் போஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரத்தைத் தூக்கினேன். கடைசி நாள், மறுநாள் மாலை. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் போனிலிருந்தே பணத்தைக் கட்டிவிட்டுத்தான் எழுந்தோம்.