பழைய எஞ்சினில் டைமிங் பெல்ட்: புல்லி மார்க்கை மட்டும் நம்பாதீர்கள்

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம்; இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல்வைத்த ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை வாங்கும்போது கடையில் வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னால் மட்டும் போதாது. ஒரே மாடலிலேயே நடுவில் எஞ்சினை மாற்றியிருப்பார்கள். பிளாக்கில் குத்தியிருக்கும் எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பெல்ட்டில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் வைத்து முழுச்சுற்றும் எண்ணுங்கள், அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் பல்லின் வடிவம் வேறாக இருந்தால் அது உங்கள் பெல்ட் இல்லை. பல வருஷம் அலமாரியில் கிடந்த 'புது' பெல்ட்டும் வேண்டாம். உறை பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும்.

கூடவே டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை), கேம் சீல், கிராங்க் சீல் (தண்டு ஓரமாக ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) ஆகியவற்றையும் மாற்றுங்கள். வாட்டர் பம்பையும் இதே பெல்ட் சுற்றினால் அதையும் மாற்றிவிடுங்கள். கசியும் சீலை விட்டுவைத்தால் ஆயில் பட்டுப் புது பெல்ட்டும் ஊறிக் கெடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். ஓடும் திசையிலேயே சுற்றி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்புக்கு, அதாவது பிஸ்டன் அழுத்தி முடித்து உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். ஏமாற்றும் இடம் இதுதான்: பல பழைய கிராங்க் புல்லிகளில் நடுவிலும் வெளியிலும் இரண்டு வளையம், இடையில் ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் நழுவி, அதிலுள்ள மார்க் பொய் சொல்லும். பிளக் ஓட்டையில் நீளமான மெல்லிய மரக்குச்சியை விட்டு, பிஸ்டன் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். புல்லியைக் கழற்றியதும் கிராங்க் ஸ்பிராக்கெட்டில் (பெல்ட் மாட்டும் பல்சக்கரத்தில்) உள்ள மார்க்கைக் கேசிங் மார்க்கோடு சேருங்கள்.

பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக ஏற்றி, கேமில் மாட்டி, டென்ஷனர் பக்கத்தைக் கடைசியில் முடியுங்கள். அந்த விறைப்புப் பக்கத்தில் தொய்வு இருந்தால் டென்ஷனரை விட்டதும் கேம் பின்தங்கும். கேமை ஓடும் திசையில் அரைப்பல் முன்னே தள்ளி மாட்டி, பின்னால் இழுத்து மார்க்குக்குக் கொண்டுவந்தால் விறைத்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் நூல் அறும்.

ஒரு பல் தவறினால் என்ன என்று தோன்றும். கிராங்க் ஸ்பிராக்கெட்டில் 20 பல் என்றால் ஒரு பல் 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் தடுமாறும், இழுவை இருக்காது. வால்வும் பிஸ்டனும் ஒன்றின் இடத்துக்குள் மற்றொன்று வந்துபோகும் எஞ்சினாக இருந்து இன்னும் சில பல் தவறினால் வால்வு வளையும்.

அதனால் ஸ்டார்டரைத் தொடுவதற்கு முன் கிராங்கை ஸ்பானரால் இரண்டு சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. நடுவில் 'டக்' என்று முட்டினால் அழுத்தாதீர்கள், பிரித்துப் பாருங்கள். சுற்றி முடித்து ஸ்பிராக்கெட் மார்க்குகள் திரும்பச் சேர வேண்டும். பெல்ட்டிலேயே போட்டிருக்கும் வெள்ளைக்கோடு சேராது, அதற்குப் பதறவேண்டாம்.

ஓடும்போது 'ஊ' என்று இழுத்தால் டென்ஷன் அதிகம், கவரில் பட்பட்டென்று அடித்தால் குறைவு. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) கேமிலிருந்து ஓடும் எஞ்சினாக இருந்தால், பிளக் பொறிவிடும்போது மின்னிப் புல்லி மார்க்கைக் காட்டும் டைமிங் லைட் போட்டு இக்னிஷனையும் சரிபாருங்கள். புல்லி வளையம் நழுவியிருந்தால் அந்த மார்க்கில் காட்டுவதும் தப்புதான். புல்லியை முதலில் மாற்றுங்கள்.