டைம் ஆபீஸிலிருந்து ஈஆர்பி வரை: கங்கைகொண்டான் நாட்குறிப்பு

ஜூன் 16

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலை. வேலை செய்பவர்களின் பெயர் அங்கே நான்கு இடங்களில் இருக்கிறது: வருகையும் சம்பளமும் பார்க்கிற டைம் ஆபீஸில் உள்ள ஹெச்ஆர் மென்பொருள், கேட்டில் விரல் வைக்கிற வருகைக் கருவி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான லாகின் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரி, ஸ்டோர்ஸும் கொள்முதலும் பில்லும் ஓடுகிற ஈஆர்பி. புது ஆள் வந்தால் நான்கிலும் தனித்தனியாகக் கையால் சேர்க்கிறார்கள். வேலை நடக்கவேண்டும் என்பதால் சேர்ப்பது எப்படியும் நடந்துவிடுகிறது. விலகினவரை நான்கிலிருந்தும் எடுக்க வேண்டுமே, அதைக் கேட்க ஆள் இல்லை.

நடுவில் மிட்பாயிண்ட் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. யாருக்கு எங்கே கணக்கு, என்ன உரிமை என்று பார்த்துக்கொள்கிற, ஸ்லோவாக்கியாவில் உருவாகிற திறந்த மூல அடையாள மேலாண்மை மென்பொருள் அது. மற்ற மென்பொருள்களோடு அதை இணைக்கிற கனெக்டர்கள் கான்ஐடி என்ற சட்டகத்தில் எழுதப்பட்டவை. அந்தச் சட்டகத்தின் வேர் பழைய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துக்குப் போகிறது. ஒரு கனெக்டருக்குத் தெரிந்த வேலைகள் கொஞ்சம்தான்: தேடு, உருவாக்கு, மாற்று, நீக்கு, போன முறைக்குப் பிறகு என்ன மாறியது என்று சொல். யாருக்கு என்ன கொடுக்கலாம் என்பதை அது தீர்மானிக்காது. "கனெக்டர் போட எவ்வளவு நாள் ஆகும்?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். இணைப்பதற்கு அதிக நாள் ஆகாது. எந்த விவரத்தில் யார் சொல்வது கடைசி வார்த்தை என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளத்தான் நாள் ஆகும் என்று சொன்னேன். அதற்காக டைம் ஆபீஸ் அண்ணாச்சியிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 17

அண்ணாச்சியுடன் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபீல்டாகப் பார்த்தோம். பெயர், சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள் மூன்றுக்கும் டைம் ஆபீஸ்தான் மூலம். மின்னஞ்சல் முகவரிக்கு ஆக்டிவ் டைரக்டரி. பிரிவு என்று வந்தபோது அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, சம்பளம் போடுத கணக்கு எங்கிட்ட சரியா இருக்கும். எவன் எந்த மெஷின்ல நிக்கான்னு என்கிட்ட கேட்டா நான் பொய்தான் சொல்லணும். சூப்பர்வைசரைக் கேளுங்க."

இப்படிப் பேசுகிற ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹெச்ஆர் மென்பொருளில் இருப்பதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு மேப்பிங் (எந்த ஃபீல்டு எங்கே போகும் என்ற விதி) எழுதியிருந்தால், பழைய பிரிவின் உரிமைகளை வேறு பிரிவுக்கு மாறிவிட்டவருக்கு மிட்பாயிண்ட் தினமும் ராத்திரி மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். ஈஆர்பி உரிமைக்கான பிரிவை இனி சூப்பர்வைசர் ஒப்புதலோடுதான் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

மாவட்டம் என்றொரு ஃபீல்டு. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இன்னும் திருநெல்வேலி என்றே இருக்கிறது, புதியவர்களுக்குத் தென்காசி. எது சரி என்று திருத்த உட்காரும் முன், ஈஆர்பிக்கு மாவட்டம் எதற்கு என்று கேட்டேன். யாருக்கும் தேவையில்லை. மேப்பிங்கிலிருந்தே எடுத்துவிட்டோம். வீட்டு முகவரியையும் ஆதார் எண்ணையும் அதே காரணத்துக்காக எடுத்துவிட்டோம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் இதுதான்: எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ, அதற்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்.

ஜூன் 19

பெயர்கள். இன்று முழுவதும் இதில்தான் போனது.

முதல் நாள் எண்ணிய நான்கைத் தவிர, வைஃபைக்கும் உள்வலைத் தளத்துக்கும் இங்கே இன்னொரு பழைய ஆள் பட்டியல், ஓப்பன்எல்டாப், இருக்கிறது. எல்டாப்பில் ஒரு மனிதருக்கான அடிப்படை வகுப்பு இரண்டு விவரங்களைக் கட்டாயமாகக் கேட்கும்: முழுப்பெயர், குடும்பப்பெயர். அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 4519-இலேயே அப்படித்தான் இருக்கிறது. குடும்பப்பெயர் இல்லாமல் ஆளைச் சேர்க்கவே விடாது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். மென்பொருள்களுக்கிடையே ஆள் விவரங்களை அனுப்புகிற ஸ்கிம் நெறிமுறை இதில் பெருந்தன்மையானது. குடும்பப்பெயருக்கு இடம் வைத்திருக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை.

முன்பு யாரோ அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் மா. இசக்கிமுத்துவுக்குப் போகிற கடிதம் 'அன்புள்ள திரு. மாடசாமி' என்று அவர் அப்பாவைக் கூப்பிடுகிறது. என் முடிவு: கட்டாய இடத்தில் அவரவர் சொந்தப் பெயரையே போடுவது, காட்டுகிற பெயரில் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ அப்படியே இனிஷியலோடு வைப்பது. ஒரு மனிதரை அவர் பெயரில் கூப்பிடுவதைவிட அடிப்படையான மரியாதை எதுவும் இல்லை. மென்பொருளின் வசதிக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது இதைவிடச் சிக்கல். ஹெச்ஆரில் இருக்கிற இசக்கிமுத்துதான் ஈஆர்பியில் இருக்கிற இசக்கிமுத்துவா? நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் சுடலைமாடனும் இசக்கியம்மனும் பேச்சியம்மனும் இருக்கிறார்கள். ஒரே ஷிப்டில் ஒரே இனிஷியலில் இரண்டு சுடலைமுத்து சாதாரணம். ஆங்கிலத்தில் எழுதும்போது இசக்கியை E-யில் தொடங்குபவரும் உண்டு, I-யில் தொடங்குபவரும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் இனிஷியல் அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறுகிறது. பெயரை வைத்துப் பொருத்தினால் ஒருவருடைய சாவி இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

டோக்கன் நம்பர்? காண்ட்ராக்டர் மாறினால் அதே ஆளுக்குப் புது டோக்கன். ஆதார் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு. மிச்சம் இருந்தது பிஎஃப்பின் (வருங்கால வைப்பு நிதி) நிரந்தர எண்ணான யுஏஎன். 12 இலக்கம், வேலை மாறினாலும் காண்ட்ராக்டர் மாறினாலும் ஆளோடு கூடவே வரும். ஹெச்ஆர் பதிவையும் மிட்பாயிண்டில் உள்ள ஆளையும் பொருத்த மட்டும் அதைப் பயன்படுத்துவோம், ஈஆர்பிக்கு அனுப்ப மாட்டோம். முதல் வேலையாக வந்து இன்னும் யுஏஎன் கிடைக்காதவர்களை அண்ணாச்சியே பார்த்துப் பொருத்துவார்.

ஜூன் 23

ஆக்டிவ் டைரக்டரி (ஏடி) இணைந்தது. கனெக்டருக்கென்று தனிக் கணக்கு, அதில் பணியாளர்கள் இருக்கிற ஓயூ என்ற பகுதியில் மட்டும் அதிகாரம். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய டொமைன் அட்மின் உரிமையே கொடுத்துவிடலாம், வேலை சுலபம் என்று சொன்னார்கள். நடுவில் உட்கார்ந்து எல்லாக் கதவுக்கும் சாவி செய்கிற மென்பொருளுக்கு அந்த உரிமையைக் கொடுக்கவே கூடாது. 636 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) மறையாக்கத்தோடு இணைத்திருக்கிறேன். 389-இல் மறையாக்கம் இல்லாமல் வந்தால் ஏடி கடவுச்சொல்லை மாற்ற விடாது.

ஏடியின் பழைய வகை லாகின் பெயருக்கு 20 எழுத்து வரம்பு. சங்கரலிங்கபாண்டியனை ஆங்கிலத்தில் எழுதி, இனிஷியலும் புள்ளியும் சேர்த்தால் 21. அதனால் லாகின் பெயரில் இனிஷியல் இல்லை. சுருக்கிய பெயரும் பின்னால் ஒரு எண்ணும் என்று வைத்தாயிற்று.

ஜூன் 26

முதல் முழு ஒப்பீடு. எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டுகிற சிமுலேஷன் முறையில் ஓட்டினேன். ஓடின உடனே திரை முழுக்க 'தகராறு' என்ற நிலை. ஒரு பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் பொருந்தினால் மிட்பாயிண்ட் தானாக முடிவெடுக்காமல் அப்படி ஒதுக்கி வைக்கும்.

காரணம் எக்செல். ஹெச்ஆர் மென்பொருள் ராத்திரி ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பைத்தான் தருகிறது. அதை யாரோ எக்செலில் திறந்து பார்த்துவிட்டுச் சேமித்திருக்கிறார்கள். 12 இலக்க எண்ணை எக்செல் அறிவியல் வடிவத்தில் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிகிற வடிவமே கோப்பிலும் போகும். அதனால் பாதிப் பேருடைய யுஏஎன் 1.01 என்று தொடங்குகிற ஒரே எண்ணாக மாறிவிட்டது. இனி கோப்பு யார் கையும் படாத ஃபோல்டருக்கு நேராகப் போகும். சரியாக 12 இலக்கம் இல்லாத யுஏஎன் வந்தால் அந்த வரியை எடுக்காது.

சுத்தமான கோப்பில் மறுபடி ஓட்டியபோதுதான் உண்மையான நிலவரம் தெரிந்தது. ஆள் இல்லாத கணக்குகள், மூன்று ஷிப்டும் சேர்ந்து பயன்படுத்துகிற ஸ்டோர்ஸ் லாகின், ஓய்வு பெற்றுப் போன ஒருவருடைய பெயரில் கொள்முதல் ஆர்டருக்கு ஒப்புதல் தருகிற உரிமையோடு ஒரு கணக்கு. பதிவேடுகளைப் பார்த்தோம். அவர் போன பிறகு அதில் யாரும் நுழையவில்லை, நிம்மதி. ஆனாலும் ஒருவர் பெயரில் நாளைக்கு யாரோ கையெழுத்துப் போட முடியும் என்பது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

ஜூலை 1

ஈஆர்பி பக்கம் ஸ்கிம் 2.0. செப்டம்பர் 2015-இல் ஆர்எஃப்சி 7643, 7644 என்று வந்த நெறிமுறை. சேர்ப்பது உடனே வேலை செய்தது. ஏற்கெனவே உள்ள பெயரை அனுப்பினால் 409 (மோதல்) என்று திருப்பியும் விடுகிறது, சரி.

மூடுவதில்தான் பிரச்சினை. 'ஆக்டிவ்' என்பதைப் பொய் (false) என்று மாற்றும் பேட்ச் (ஒரு பகுதியை மட்டும் மாற்று) கோரிக்கை அனுப்பினோம், 204 வந்தது. வெற்றி என்று பொருள். போய்ப் பார்த்தால் ஆள் அப்படியே உயிரோடு இருக்கிறார். எந்த ஃபீல்டு என்று தனியாக வழி குறிப்பிட்டும் பேட்ச் அனுப்பலாம், மதிப்புக்குள்ளேயே ஃபீல்டின் பெயரை வைத்தும் அனுப்பலாம். இரண்டும் நெறிமுறைப்படி சரி. இவர்களுடைய ஈஆர்பிக்கு முதல் வகை மட்டும்தான் புரிகிறது. இரண்டாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வெற்றி என்கிறது. விற்றவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை முதல் வகையிலேயே அனுப்புவோம், ஒவ்வொரு மூடலுக்குப் பிறகும் திரும்பப் படித்துச் சரிபார்ப்போம். விற்றவர்கள் திருத்தினாலும் இந்தச் சரிபார்ப்பை எடுக்க மாட்டேன்.

ஜூலை 4

விலகுபவர்களுக்கான விதி. கடைசி வேலை நாள் 30 என்றால் ராத்திரி 12 மணிக்கு மூடு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ராத்திரி ஷிப்ட் 10-லிருந்து காலை 6 வரை. கடைசி நாள் வேலைக்கு வந்து நிற்பவரை நடு ஷிப்டில் வெளியே தள்ள முடியாது. மறுநாள் காலை 7 மணி என்று வைத்தோம். வேலையிலிருந்து நீக்கப்படுபவர்களுக்கு மட்டும் அண்ணாச்சி தேதி போட்ட உடனே கையால் ஓட்டுவது.

அழிப்பது இல்லை, முடக்குவதுதான். ஏடியில் 512 (இயங்கும் கணக்கு) என்று இருக்கிற நிலை 514 (முடக்கிய கணக்கு) ஆகும். பழைய பில்லில் யார் ஒப்புதல் கொடுத்தார் என்பது பெயரோடு நிற்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே நுழைந்தவருடைய இணைப்பு முடக்கியதால் மட்டும் அறுந்துவிடாது. அதனால் ஈஆர்பியில் திறந்திருக்கும் அமர்வுகளையும் சேர்த்து மூடச் சொல்லியிருக்கிறோம்.

கூட்டத்தில் ஒருவர், 30 நாள் விரல் வைக்கவில்லை என்றால் தானாக மூடிவிடலாமே என்றார். பேறுகால விடுப்பு சட்டப்படி 26 வாரம். குழந்தையோடு திரும்பி வருகிற பெண், தன் பெயரே கம்ப்யூட்டரில் இல்லை என்று டைம் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டுமா? வராமல் இருப்பது வேறு, விலகுவது வேறு. விலகலை டைம் ஆபீஸ் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ஜூலை 8

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. வேலை பார்க்கவில்லை.

ஜூலை 10

ஹெச்ஆர் சர்வரில் டிஸ்க் நிறைந்து, ராத்திரிக் கோப்பு பாதியில் நின்றிருக்கிறது. கோப்பில் இல்லாதவர்கள் எல்லோரும் விலகியவர்களாகத் தெரிந்தார்கள். வழக்கத்தைவிட அதிகமான முடக்கம் வந்தால் நிறுத்து என்று வைத்திருந்த வரம்பு பிடித்துக்கொண்டது, ஒருவருடைய கணக்கும் மூடவில்லை. இது நிஜ ஓட்டமாக இருந்து, அந்த வரம்பும் இல்லாமல் போயிருந்தால் காலை ஷிப்டில் பாதி ஆபீஸ் உள்ளே நுழைய முடியாமல் நின்றிருக்கும். கோப்பின் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை வர வேண்டும், அது பொருந்தினால்தான் படிப்போம் என்று இன்று சேர்த்தோம்.

ஜூலை 14

ஏடிக்கும் ஈஆர்பிக்கும் இன்று முதல் நிஜ ஓட்டம். காலையில் புதிதாகச் சேர்ந்த ஸ்டோர்ஸ் பெண்ணுக்கு மதியத்துக்குள் இரண்டு லாகினும் தயாராக இருந்தன. போன மாதம் விலகியவர்கள் மூடப்பட்டதைத் திரும்பப் படித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது.

ஸ்டோர்ஸ் பொது லாகின் இன்னும் இருக்கிறது. "ஷிப்ட் மாறும்போது லாரி நிக்கும், ஈஆர்பி தொறக்க காத்துக்கிட்டு இருக்க முடியாது சார்" என்கிறார் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அவர் சொல்வது நியாயம். இன்னொரு கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த லாகினை மூடலாம் என்று தேதி குறித்திருக்கிறோம். தகராறில் நிற்கும் ஆட்களை அண்ணாச்சி பழைய பதிவேட்டோடு இந்த வாரம் பார்த்து முடிப்பார். கேட் கருவியின் டேபிளைப் படிக்க மட்டும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதுகிற அனுமதி இப்போதைக்கு வேண்டாம்.