தேங்க்ஸ் அத்தை

"எதுக்கும்மா தேங்க்ஸு? உன் பேங்க் கவுண்டருக்கு வந்தவளா நான்?"

அத்தை இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது முணுமுணுத்துவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். எட்டு மாதம் ஆகிறது.

அன்றைக்குத் தேதி 16. மகளிர் உரிமைத் தொகை ஏறிய மறுநாள் பேங்க் கிளை எப்படி இருக்கும் என்று கேஷில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஎம் கார்டு இருந்தாலும் அந்த 1,000 ரூபாயை ஸ்லிப் எழுதி, கையில் வாங்கி, எண்ணிப் பார்த்தால்தான் பலருக்குத் திருப்தி. பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். பையனுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். வீட்டுக்காரர் சென்னையில். அத்தைக்கு போன் போட்டேன். முட்டிவலியோடு டவுன் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து டாக்டரிடம் போய், 23ஆம் நம்பர் டோக்கனுக்கு மூன்று மணி வரை அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் நல்லவர். விஷயம் தெரிந்ததும், "நீங்க கிளம்புங்க மேடம், சாவியை ஒப்படைச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்றார். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீசரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். என் சாவியைக் கொடுப்பதென்றால் கேஷை எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாசல் வரை வரிசை நிற்கிறது, பக்கத்து கவுண்டர் பெண் வேலைக்குப் புதுசு. "பரவாயில்லை சார், அத்தை போயிருக்காங்க" என்றேன்.

எண்ணி ஒப்படைக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அரை மணி நேரம்தான்.

சாயங்காலம் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. ஆறரைக்குத்தான் கண்டுபிடித்தோம். 5,000 ரூபாய் ஸ்லிப்பை நான் 4,500 என்று அடித்திருக்கிறேன், கையில் 5,000 கொடுத்திருக்கிறேன். அந்தப் பதிவின் நேரம் 11.52. அத்தை பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்திருப்பார். இருந்து நான் என்ன கிழித்தேன் என்று கேட்டால் இதுதான் பதில். ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை.

வீட்டுக்குப் போனபோது பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஈரத்துணி. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அத்தையின் கோழிக்கிறுக்கலில் மருந்து கொடுத்த நேரங்கள். சமையலறை வாசலில் நின்று "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்றேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

முதலில் தலைமுறைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? பழைய தமிழில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. பதிலுக்கு வாயால் சொல்கிற வார்த்தையாக அது ஆனது பிற்பாடுதான். அத்தை அந்தக் காலத்து மனுஷி, அவ்வளவுதான் என்று சமாதானம் ஆனேன். ஆனால் அவர் அப்படி ஒன்றும் வாய் மூடி இருப்பவர் இல்லை. ஆட்டோக்காரரிடம்கூட "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கிளையில் 9 பேர். எங்களுக்குக் காப்பகம் அத்தைதான். அப்படிப்பட்டவருக்கு ஒரு வார்த்தை சொன்னது தப்பா?

தப்பு வார்த்தையில் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அத்தை மாதாமாதம் மாமாவின் குடும்ப பென்ஷன் வாங்க எங்கள் கிளைக்குத்தான் வருவார், என் வரிசையிலேயே நிற்பார். பணத்தைத் தள்ளிவிட்டு நான் சொல்லும் "தேங்க்ஸ்"க்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். முடிந்தது, அடுத்த ஆள் வாங்க என்று அர்த்தம். சமையலறை வாசலில் நின்றபோதும் என் குரல் அப்படித்தான் இருந்திருக்குமோ? மத்தியானம் கிளம்பாமல் இருந்ததை அந்த ஒரு வார்த்தையில் டாலி பண்ணப் பார்த்தேனோ? களைப்பில் இருந்தேன், அதற்குமேல் யோசித்துச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "உங்க அத்தை சொன்னாங்க, நீ தேங்க்ஸெல்லாம் சொல்றியாமே" என்று சிரித்தார். அத்தை அதைப் பெருமையாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா? கேட்கத் தைரியம் வரவில்லை.

போன வாரம் பென்ஷன் வாங்க வந்தார். எண்ணிக் கொடுத்தேன். நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பின்னால் நின்றவர் தன் ஸ்லிப்பை நீட்ட, அத்தை நகராமல் நின்று நோட்டுகளை இன்னொரு முறை எண்ணினார்.

"சரியா இருக்கு" என்றார்.